முழுக் கருப்பு டிஃபையன்ட்: தூரிகையில் அடித்தால் கரிக்கட்டை ஆகிவிடுமா?

நொய்யல்72 (கோவை):

வணக்கம் நண்பர்களே.

ஏர்ஃபிக்ஸின் 1/72 அளவு டிஃபையன்ட் (இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம்) பிளாஸ்டிக் மாடல் கிட் மேசைக்கு வந்துவிட்டது. பழைய அச்சு இல்லை, 2015-இல் வந்த புதியது. இதற்கு முன் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் என்று எல்லாரும் கட்டுவதைத்தான் கட்டியிருக்கிறேன். டிஃபையன்ட் பக்கம் வந்ததற்கு ஒரே காரணம் அதை ஓட்டிய 264-ஆம் ஸ்குவாட்ரன், பிரிட்டிஷ் விமானப்படையின் ஒரு பிரிவு. அதன் முழுப் பெயர் 264 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சென்னை மாகாணத்திலிருந்து போன நன்கொடைக்காக வைத்த பெயர். கோயம்புத்தூரும் அப்போது அந்த மாகாணத்தில்தான் இருந்தது. ஆகவே இதில் எங்கள் தாத்தா போட்ட காசும் இருக்கலாம் என்று வீட்டில் சொல்லி, கிட் வாங்கிய செலவைச் சமாளித்துவிட்டேன்.

1940 மே மாதம் டன்கர்க் மேல் பறந்த பச்சை-பழுப்பு விமானத்தை நிறையப் பேர் கட்டியிருக்கிறார்கள். எனக்கு 1941-இல் இரவுக் காவலுக்குப் போன முழுக் கருப்பு விமானம்தான் வேண்டும். அந்த ஸ்குவாட்ரனின் PS என்ற குறியெழுத்துகளோடு டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற சின்னங்கள்) தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால் என்னிடம் ஏர்பிரஷ் கிடையாது. அடுக்குமாடி வீடு, கம்ப்ரஸர் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் உடனே மேலே வந்துவிடுவார். தூரிகைதான். மேலிருந்து கீழ்வரை ஒரே மேட் கருப்பு அடித்தால், பேனல் கோடு (தகடுகள் சேருகிற கோடு) ஒன்றுகூடத் தெரியாமல் இறக்கை முளைத்த கரிக்கட்டையாக நிற்குமோ என்று பயமாக இருக்கிறது. இணையத்தில் அப்படிச் சில படங்களும் பார்த்தேன்.

மேட் பரப்பில் டெக்கால் ஒட்டினால் ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்கும் என்கிறார்கள். கருப்பில் அது இன்னும் பளிச்சென்று தெரியுமே? அப்புறம் விமானிக்குப் பின்னால் துப்பாக்கியோடு சுற்றுகிற அந்தக் கண்ணாடிக் கூண்டு, டரட். சட்டங்கள் எத்தனை! அதற்கு என்ன வழி? இங்கே மழை தொடங்கிவிட்டது, துணியே காயவில்லை. இந்த நேரத்தில் பெயின்ட் வேலையை ஆரம்பிக்கலாமா, தையில் பார்த்துக்கொள்ளலாமா?


உப்புத்தாள் (மதுரை):

தம்பி, தாராளமாக ஆரம்பியுங்கள். மழை நிற்கும்வரை ஒட்டுகிற வேலையும் உப்புத்தாள் போடுகிற வேலையும் இருக்கிறது.

நான் கார் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருப்பவன். மாடல் கட்டுவது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. எங்கள் பட்டறைக்குக் கருப்புக் கார் வந்தாலே பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளைக் காரில் பட்டி பார்த்த இடம் கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். கருப்பில் தப்பாது. உங்களுடையது மேட் கருப்பு என்பதால் அந்த விஷயத்தில் பரவாயில்லை. ஆனால் மேட் கருப்புக்கு வேறு குணம் உண்டு: விரல் பட்டால் எண்ணெய் ஏறி அந்த இடம் மட்டும் பளபளக்கும். பெயின்ட் தொட்ட நாளிலிருந்து அடியில் ஒரு கிளிப்பையோ பழைய மருந்து பாட்டிலையோ கைப்பிடியாகச் செருகிக்கொள்ளுங்கள். விமானத்தைக் கையால் பிடிக்கவே கூடாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கருப்பு விமானத்துக்குக் கருப்பு பெயின்ட் அடிக்காதீர்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. 1/72 மாடலை நீங்கள் ஓரடி தள்ளி வைத்துப் பார்க்கிறீர்கள். நிஜ விமானத்தில் அது 22 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில், அதுவும் வெயிலில், எந்தக் கருப்பும் முழுக் கருப்பாகத் தெரியாது. இடையில் இருக்கிற காற்றும் வெளிச்சமும் அதைச் சாம்பல் பக்கம் இழுத்துவிடும். அடுத்த முறை ரயில்வே பிளாட்ஃபார்மில் நிற்கும்போது கடைசியில் நிற்கிற கருப்பு டேங்க் வேகனைப் பாருங்கள். பக்கத்தில் நிற்பதைவிட வெளிறியிருக்கும்.

அதனால் அடிப்படை நிறமாக மிக அடர்ந்த சாம்பலை எடுங்கள். டமியாவில் XF-69 நேட்டோ பிளாக், XF-85 ரப்பர் பிளாக் இரண்டுமே கருப்பு என்று பெயர் வைத்த அடர் சாம்பல்தான். சுத்தக் கருப்பை (XF-1) பேனல் கோட்டுக்கும் நிழலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கருப்புக்குள் கருப்பைக் காட்ட முடியாது. சாம்பலுக்குள் கருப்பைக் காட்டலாம்.

ஆனால் நீங்கள் தூரிகைக்காரர் என்பதால் ஒரு எச்சரிக்கை. டமியா அக்ரிலிக் ஸ்ப்ரேக்கு அருமை, தூரிகைக்குச் சண்டி. இரண்டாம் கை (பூச்சு) அடிக்கும்போது முதல் கையைக் கரைத்து இழுத்துவரும். அதே நிறத்துக்குப் பக்கமாக வலேஹோ மாடல் கலர் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் விட்டு அடிக்கலாம். ஆல்கஹால், தின்னர் எதையும் அதில் சேர்க்கக் கூடாது, திரிந்துபோகும்.

கால் இன்ச் அகலத்தில் மென்மையான தட்டைத் தூரிகை. பெயின்ட் மெல்லிசாக இருக்க வேண்டும். முதல் கையில் அடியில் இருக்கிற பிரைமர் (அடிப்பூச்சு) பல்லிளிக்கும், மனசு கேட்காமல் அதன் மேலேயே திரும்ப இழுக்காதீர்கள். காயவிட்டு அடுத்த கை. ஒரு கை முன்னிருந்து பின்னாக, அடுத்த கை குறுக்காக, கடைசிக் கை மறுபடி காற்று ஓடுகிற திசையில், அதாவது முன்னிருந்து பின். தூரிகைத் தடம் கொஞ்சம் மிஞ்சினாலும் அது மழைநீர் வழிந்த கோடு மாதிரி விமானத்தோடு ஒத்துப்போகும்.

பிரைமர் அவசியம். பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசிய எண்ணெய் போகட்டும். கார் பிரைமர் டப்பா மலிவாகக் கிடைக்கிறதே என்று நேரடியாக அடித்துவிடாதீர்கள். எங்கள் சரக்கில் தின்னர் காரம் அதிகம், கிட்டின் பாலிஸ்டைரீனைக் கடிக்கலாம். முதலில் பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிச்சமிருக்கிற சட்டத் துண்டில் (ஸ்ப்ரூ) அடித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் தூரத்திலிருந்து தூவினாற்போல அடியுங்கள். ஒரேயடியாக நனைக்கக் கூடாது.

டெக்கால் கதையை ராத்திரி எழுதுகிறேன். பட்டறையில் ஆள் காத்திருக்கிறார்.


காற்றுத்தூரிகை (சென்னை):

இவ்வளவு கஷ்டம் எதற்கு? சின்ன சைஸ் கம்ப்ரஸர் இப்போது அமைதியாகத்தான் ஓடுகிறது. கருப்பு ஃபினிஷில் டோன் மாற்றம் காட்ட ஏர்பிரஷை விட்டால் வழியில்லை. தூரிகையில் அடித்த மாடலை மூன்றடி தள்ளி வைத்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.


உப்புத்தாள்:

காற்றுத்தூரிகை தம்பி, அவரிடம் இருக்கிறதை வைத்துத்தான் கேட்கிறார். நானும் பகல் முழுக்க ஸ்ப்ரே கன் பிடிக்கிறவன்தான், அதனாலேயே ராத்திரி தூரிகை பிடிக்கிறேன். தவிர, இந்த ஒரு விமானத்துக்குத் தூரிகை பொருத்தமும்கூட.

காரணம் அந்தக் கருப்பின் தன்மை. 1940 கடைசியிலிருந்து இரவு விமானங்களுக்கு அடித்த ‘ஸ்பெஷல் நைட்’ என்ற பெயின்ட், குறிப்பாக RDM2 என்று எண் போட்ட சரக்கு, தேடுவிளக்கு வெளிச்சம் திரும்பி அடிக்கக் கூடாது என்பதற்காகவே வெல்வெட் மாதிரி சொரசொரப்பாகச் செய்தது. எந்த பெயின்ட்டரும் கேட்டவுடன் சொல்லிவிடுவான், இது நிற்காது என்று. நிற்கவுமில்லை. கையில் ஒட்டியது, உரிந்தது, சொரசொரப்பால் விமானத்தின் வேகமும் குறைந்தது. பிறகு வழவழப்பான கருப்புக்குப் போனார்கள்.

ஆகவே சில மாதம் பறந்த டிஃபையன்ட் ஒரே நிறத்தில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. மெக்கானிக் ஏறி நிற்கிற, உடலோடு இறக்கை சேருகிற இடம், பெட்ரோல் ஊற்றுகிற மூடியைச் சுற்றி, எஞ்சின் மூடியின் ஓரங்கள் எல்லாம் தேய்ந்து வெளிறும். அந்த இடங்களில் அடிப்படைச் சாம்பலில் ஒரு சொட்டு பழுப்பு கலந்து, தூரிகையைப் பேப்பரில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த முனையால் குத்திக் குத்தி எடுங்கள். துணியோ ஸ்பாஞ்சோகூட போதும். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் அடர்த்தி, மேல் பக்கம் கொஞ்சம் வெளிறல். இறக்கை முன்விளிம்பில் அலுமினியப் பொட்டு நாலைந்து, அதற்கு மேல் போனால் ஓவர். அதன் மேல் கேம்லின் டியூப் ஆயில் பெயின்ட்டில் சாம்பலும் பழுப்பும் குண்டூசித் தலையளவு வைத்து, டர்பன்டைன் தொட்ட தூரிகையால் காற்றுத் திசையில் இழுத்துவிடுங்கள். அக்ரிலிக் காய்ந்திருந்தால் டர்பன்டைன் அதைத் தொடாது. பிடிக்கவில்லையென்றால் துடைத்து எடுத்துவிடலாம். ஏர்பிரஷில் அந்த வசதி கிடையாது.

புகைத் தடமும் மறக்கக் கூடாது. மெர்லின் எஞ்சின், ஈயம் கலந்த பெட்ரோல். கருப்பு விமானத்தில் அந்தப் புகை கருப்பாகத் தெரியாது, சாம்பல் கலந்த மங்கல் பழுப்பாகத் தெரியும். சாக்பீஸ் தூள், பென்சில் தூள் இரண்டையும் கலந்து மெல்லிசாகத் தேய்த்தால் போதும்.


யாழ்_இறக்கை (லண்டன்):

தம்பி நொய்யல், முழுசாக மிஞ்சியிருக்கிற ஒரே டிஃபையன்ட் இங்கே பிரிட்டனில் ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) அருங்காட்சியகத்தின் N1671. அதுவும் இரவு விமானம்தான், 307-ஆம் போலந்து ஸ்குவாட்ரனுடையது, முழுக் கருப்பு. நான் கிட்ட நின்று பார்த்தேன். படத்தில் பார்க்கிறபோது டரட் பெரிசாகத் தெரியும். நேரில் பார்த்தால், ஒரு ஆள் நாலு பிரவுனிங் துப்பாக்கியோடு இதற்குள் எப்படி இருந்தான் என்றுதான் தோன்றும். வழக்கமான பாரசூட் போட இடமில்லை என்பதால் பாரசூட்டையே உடையோடு சேர்த்துத் தைத்த தனி அங்கி கொடுத்திருக்கிறார்கள். விமானிக்கு முன்பக்கம் சுடுகிற துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது. சுடுவதெல்லாம் பின்னுக்கு இருக்கிறவன்.

மாடலுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கு. டரட்டுக்கு முன்னும் பின்னும் முதுகில் ஒரு மூடி மேலே எழும்பி நிற்கும், காற்று வழுக்கிப் போவதற்காக. டரட் சுற்றும்போது அது கீழே இறங்கிவிடும். ஆகவே துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு மூடியை மேலே நிற்க விட்டால் பிழை. எதையும் ஒட்டுவதற்கு முன்னம் எந்த நிலையில் காட்டப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கோ. 1941 தொடக்கத்து மார்க் 1 என்றால் ராடார் கொம்புகளும் தேவையில்லை. நிலா வெளிச்சத்தையும் தேடுவிளக்கையும் நம்பித்தான் அப்போது தேடியிருக்கிறார்கள்.


நொய்யல்72:

யாழ் அண்ணா, இது எனக்குத் தெரியாது. துப்பாக்கியைப் பக்கவாட்டில் திருப்பித்தான் வைக்கப்போகிறேன், அப்போதுதான் இது ஹரிகேன் இல்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

உப்புத்தாள் அண்ணா, டெக்காலுக்குக் காத்திருக்கிறேன். இன்னொன்று: டெக்கால் தாளில் வட்டக் குறியின் மஞ்சள் வளையம் ரொம்ப மெல்லிசாக இருக்கிறது. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் விரல் தெரிகிறது.


உப்புத்தாள்:

விரல் தெரிந்தால் கருப்பும் தெரியும். மஞ்சள் பாசிப்பச்சையாகிவிடும். ரொம்ப மெல்லிசான டெக்காலுக்கு இரண்டு வழி. ஒரே அளவில் இரண்டு செட் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டலாம், ஆனால் வளையம் மேல் வளையம் சரியாக உட்கார வைக்க கை நடுங்காமல் இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அடுத்தது: டெக்கால் வட்டத்தைவிட மயிரிழை சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் முதலில் அடித்துவிடுவது. மாஸ்கிங் டேப்பில் காம்பஸ் கட்டரால் ஓட்டை வெட்டி, அந்த ஓட்டைக்குள் வெள்ளை. விளிம்பு மேடு தட்டாமல் நைசாக உப்புத்தாள் போட்டுவிடுங்கள், 2000 நம்பர், தண்ணீர் தொட்டு. இந்த வட்டம் உடல் பக்கத்துக்கு மட்டும் போதும். 1941-இல் மஞ்சள் வளையம் உடலில்தான், இறக்கை மேலே சிவப்பும் நீலமும் மட்டும். இரவு விமானத்துக்கு இறக்கையின் அடியில் பொதுவாகக் குறியே போடுவதில்லை.

அடுத்தது வெள்ளி மினுங்கல். இதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். மேட் பரப்பு என்றால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். டெக்கால் ஃபிலிம் மேட்டில் மட்டும் உட்காரும், பள்ளத்தில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றில்தான் வெளிச்சம் சிதறி வெள்ளியாகத் தெரிகிறது. ஆகவே டெக்கால் ஒட்டுமுன் விமானத்தைப் பளபளப்பாக்க வேண்டும். மேட் கருப்பு விமானத்துக்குப் பளபளப்பு வார்னிஷா என்று பதற வேண்டாம், கடைசியில் மேட் வார்னிஷ் எல்லாவற்றையும் மூடிவிடும்.

வலேஹோ கிளாஸ் வார்னிஷைத் தூரிகையிலேயே இரண்டு மெல்லிய கை கொடுங்கள். நுரை வரக் கூடாது, பாட்டிலைக் குலுக்காமல் குச்சியால் கலக்குங்கள். மழைக்காலம், ஆகவே முழுசாக ஒரு நாளுக்கு மேல் விடுங்கள். அப்புறம் டெக்காலை வெட்டும்போது எழுத்தைச் சுற்றி இருக்கிற வெறும் ஃபிலிமை முடிந்தவரை ஒட்ட வெட்டி எறியுங்கள். ஃபிலிம் இல்லாத இடத்தில் மினுங்க எதுவுமில்லை. PS என்ற எழுத்தில் P-யின் வயிற்றுக்குள் இருக்கிற ஃபிலிமை மட்டும் வெட்ட முடியாது, அங்கேதான் கவனம் வேண்டும்.

வெதுவெதுப்பான தண்ணீர். ஒட்டுகிற இடத்தில் முதலில் மைக்ரோ செட் என்ற டெக்கால் திரவம் தடவுங்கள், நீல லேபிள், வினிகர் வாசனை வரும். டெக்காலை வழுக்கி இடத்தில் நிறுத்தி, ஈரப் பட்ஸால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு மேலே மைக்ரோ சால், சிவப்பு லேபிள். அது ஃபிலிமை இளக்கும். இப்போதுதான் நிறையப் பேர் காரியத்தைக் கெடுப்பது: டெக்கால் அப்படியே சுருங்கி, முகம் சுருக்கும். பார்த்தால் போச்சு என்று தோன்றும். விரலை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். காயும்போது தானாகப் படியும், பேனல் கோட்டுக்குள்ளும் இறங்கும். மறுநாள் எங்காவது காற்றுக் குமிழ் தெரிந்தால் ஊசி முனையால் ஒரு குத்து, அதன்மேல் மறுபடி ஒரு சொட்டு மைக்ரோ சால்.

இப்போது மழை விஷயம். தூரிகை, தண்ணீர் வகை அக்ரிலிக், இவற்றுக்கு மழையில் பெரிய ஆபத்தில்லை, காய நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆபத்து எங்கே என்றால் ஸ்ப்ரே டப்பா மேட் வார்னிஷில். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டுப்போகும், காற்றில் இருக்கிற ஈரம் அங்கே படியும், பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். பட்டறையில் இதற்காகவே மழை நாளில் மெதுவாகக் காய்கிற ரிட்டார்டர் தின்னர் கலப்போம். டப்பாவில் நீங்கள் எதையும் கலக்க முடியாது. வெள்ளை விமானத்தில் பூத்தால் யாருக்கும் தெரியாது. உங்களுடையதில் மாடி வீட்டிலிருந்தே தெரியும். டப்பாதான் என்றால் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து மத்தியானம் அடியுங்கள், இல்லாவிட்டால் தை வரட்டும். அவசரம் என்றால் மேட் வார்னிஷையும் தூரிகையிலேயே அடியுங்கள், பாட்டிலின் அடியில் தங்கியிருக்கிற வெள்ளைப் பொடியை நன்றாகக் கலக்கிவிட்டு. சரியாகக் கலக்காவிட்டால் அந்தப் பொடியே கருப்பில் திட்டுத் திட்டாக நிற்கும்.


நொய்யல்72:

இது போதும் அண்ணா, தனியாக அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டப்போகிறேன். டரட் மட்டும் பாக்கி.


உப்புத்தாள்:

டரட் சட்டத்தைக் கையால் நேராக வரைகிறேன் என்று இறங்காதீர்கள். டேப்பை வெட்டி ஒவ்வொரு கண்ணாடியாக மறைக்கிற பொறுமை இருந்தால் சரி. இல்லையென்றால் நான் செய்வது: பழைய டெக்கால் தாளில் வெறும் ஃபிலிம் இருக்கும் இடத்தில் உங்கள் அடர் சாம்பலை அடித்துக் காயவிடுங்கள். புது பிளேடு, இரும்பு ஸ்கேல். சட்டத்தின் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, டெக்கால் மாதிரியே தண்ணீரில் போட்டு எடுத்து ஒட்டுங்கள். நேராக வந்தே தீரும், பிடிக்காவிட்டால் நகர்த்தலாம். முதலில் நீளக் கீற்றுகள் எல்லாம், அவை காய்ந்த பிறகு குறுக்குக் கீற்றுகள்.

விமானியின் மூடிக்கு டேப் போட்டு அடிப்பதாக இருந்தால் முதல் கை உள்பக்கத்து சாம்பல்-பச்சை, அதற்கு மேல் கருப்பு. கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கும்போது சட்டத்தின் உட்புறம் சரியான நிறத்தில் தெரியும்.

கண்ணாடிப் பாகத்தை ஒட்ட சூப்பர் குளூவைத் தொடவே தொடாதீர்கள். அதன் ஆவி கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் படியும், மூடிய பிறகு துடைக்கவும் முடியாது. பிளாஸ்டிக் சிமென்டும் வேண்டாம், வழிந்தால் கண்ணாடி கரையும். சாதாரண ஃபெவிகால்தான். பல்குத்தும் குச்சி முனையில் எடுத்து வைத்தால் காய்ந்ததும் நிறமில்லாமல் போய்விடும். மிஞ்சியதை ஈரத் தூரிகையால் துடைத்துவிடலாம்.


ஆவணப்பூச்சி (திருச்சி):

பெயின்ட் வேலையில் எனக்கு ஞானமில்லை, காசு விஷயத்தில் ஒரு சின்னச் சேர்க்கை. பீவர்புரூக் பிரபு விமான உற்பத்தி அமைச்சராக இருந்தபோது, நிதி திரட்டுவதற்காக ஒரு ஸ்பிட்ஃபயரின் விலை 5,000 பவுண்டு என்று வைத்திருந்தார்கள். அன்றைய மாற்று விகிதம் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். அப்படிப் பார்த்தால் ஒரு ஸ்பிட்ஃபயருக்குச் சுமார் 66,667 ரூபாய். உங்கள் தாத்தா எத்தனை ரூபாய் போட்டார் என்று தெரிந்தால், 1/72-இல் எந்தப் பாகம் உங்கள் குடும்பத்துடையது என்று கணக்குப் பண்ணிவிடலாம்.

மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் 264-க்கு மட்டும் இல்லை. 79-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் 234-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் அதே பெயர்தான். 234 ஸ்பிட்ஃபயரில், AZ எழுத்துகளோடு, பிரிட்டன் வான்போரில் பறந்தது. 79 அப்போது ஹரிகேனில் இருந்தது, 1942-இல் இந்தியாவுக்கே வந்து, பர்மாப் போரில் ஹரிகேனும் பிறகு தண்டர்போல்ட்டும் ஓட்டியது. எனக்கு மூன்றில் 79-தான் பிடித்தம். மெட்ராஸ் பணத்தில் பெயர் வாங்கி, வங்காள விரிகுடாவுக்கு இந்தப் பக்கமே வந்து சேர்ந்த விமானப் பிரிவு.

டிஃபையன்ட்டைக் குறை சொல்லியே எழுதுகிறார்கள். பகலில் அது தாக்குப்பிடிக்கவில்லை என்பது உண்மைதான். 264-இன் தலைவர் பிலிப் ஹன்டர் 1940 ஆகஸ்ட் 24 அன்று போனவர் திரும்பவில்லை, அந்த மாதக் கடைசியில் பகல் சண்டையிலிருந்து விமானத்தையே விலக்கிவிட்டார்கள். ஆனால் இரவில் அதே 264 இதை 1942 வரை ஓட்டியிருக்கிறது, பிறகுதான் மஸ்கிட்டோ வந்தது. ஆகவே நீங்கள் கருப்பைத் தேர்ந்தெடுத்தது எனக்கு நியாயமாகப் படுகிறது.


காற்றுத்தூரிகை:

சரி, தூரிகைக் கட்சி ஜெயித்தது. ஆனால் 79-இன் தண்டர்போல்ட்டை யாராவது கட்டினால் நான் ஏர்பிரஷோடு வருவேன். தென்கிழக்காசியக் கமாண்டின் நீலம்-வெள்ளை வட்டம், சிவப்பே இல்லாதது, ஸ்டென்சில் வெட்டி நேரடியாக பெயின்ட்டிலேயே அடித்துவிடலாம். டெக்கால் தொல்லையே இல்லை.


நொய்யல்72:

ஆவணப்பூச்சி ஐயா, தாத்தா போட்டதாக யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளலாம், வால் சக்கரத்து ரப்பர் எங்களுடையது.

நேற்று உடலை ஒட்டி, முதுகுத் தையலுக்குப் பட்டி வைத்தேன். கடைசியாக ஒரு சந்தேகம். கிட்டில் வயிற்றுக்கு அடியில் ஒட்ட இரண்டு ஆன்டெனாக் கம்பம் இருக்கிறது. நான் சக்கரத்தை இறக்கி, தரையில் நிற்கிற மாதிரி கட்டுகிறேன். கம்பம் தரையில் இடிக்குமே?


யாழ்_இறக்கை:

டரட் சுற்றுவதால் முதுகில் கம்பம் வைக்க வழியில்லை, அதனால்தான் வயிற்றில் வைத்தார்கள். சக்கரம் இறங்கும்போது அது உள்ளே மடங்கிவிடும். பறக்கிற நிலையில் கட்டினால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உங்களுக்கு உள்ளேதான்.


உப்புத்தாள்:

அந்தப் பட்டி காய்ந்துவிட்டதா என்று நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு உப்புத்தாள் போடுங்கள் தம்பி. மழை நாளில் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் கழித்து உள்வாங்கி, கருப்புக்கு அடியில் பள்ளமாகக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் 600, பிறகு 1000. தேய்த்த இடத்தில் மட்டும் பிரைமர் ஒரு தூவல் அடித்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்துப் படம் போடுங்கள்.